ஆய்வுக்குப் புள்ளிவிவரம் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொருளியல், சமூகவியல், கல்வியியல், சமூகப்பணி என்று எந்தத் துறையில் ஆய்வேடு எழுதினாலும் ஒரு கட்டத்தில் எல்லாரும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: எண் எங்கே கிடைக்கும், கிடைத்ததை நம்பலாமா? தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை இங்கே இருக்கின்றன. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லவில்லை. கேள்வி எண் கொடுத்திருக்கும் இடத்தில் மேலே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. தலைப்பு முடிவாயிடுச்சு. டேட்டாவை எங்கே தேட ஆரம்பிக்கணும்?

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் நான்கு விவரம் எழுதுங்கள்: எதை அளக்கிறீர்கள், யாரை (ஆளா, குடும்பமா, பள்ளியா, வயலா), எந்த இடத்தில், எந்த ஆண்டுகளில். "தமிழகப் பெண்களின் வேலைவாய்ப்பு" என்று தேடினால் கட்டுரைகள்தான் வரும். "15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஊரகப் பெண்களில் வேலையில் இருப்போர் விகிதம், தமிழ்நாடு, 2017-18 முதல் 2023-24 வரை" என்று எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, இதை எண்ணும் பொறுப்பு எந்த அலுவலகத்துடையது என்று யோசியுங்கள். மக்கள்தொகை, எழுத்தறிவு, வீட்டு வசதி என்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வேலை, கூலி, குடும்பச் செலவு என்றால் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் மாதிரி ஆய்வுகள். வேலைக்கு பிஎல்எஃப்எஸ் (காலமுறைத் தொழிலாளர் ஆய்வு), செலவுக்கு எச்சிஇஎஸ் (குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு). கருவுறுதல், தடுப்பூசி, ரத்தசோகை என்றால் தேசியக் குடும்ப நல ஆய்வு, அதாவது என்எஃப்எச்எஸ். பள்ளிக்கு யுடைஸ் (பள்ளிகளின் தகவல் தொகுப்பு), கல்லூரிக்கு ஏஐஎஸ்எச்இ (அகில இந்திய உயர்கல்வி ஆய்வு), குற்றத்துக்கு என்சிஆர்பி (தேசியக் குற்ற ஆவணக் காப்பகம்), வங்கிக்கும் மாநில நிதிக்கும் ரிசர்வ் வங்கி. தமிழ்நாட்டின் சாகுபடி, மழை, நீர்ப்பாசனம் எல்லாவற்றுக்கும் மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை. அலுவலகம் தெரிந்துவிட்டால் அதன் தளத்துக்கு நேராகப் போகலாம்.

2. கூகுள்ல ஒரு எண் கிடைச்சது. நாளிதழ்லயும் அதேதான் வந்திருக்கு. போட்டுடலாமா?

போடாதீர்கள். பத்து இடத்தில் ஒரே எண் இருப்பதால் அது பத்து முறை சரிபார்க்கப்பட்டது என்று ஆகாது. ஒருவர் எடுத்ததை ஒன்பது பேர் நகலெடுத்திருப்பார்கள். தமிழ்நாட்டின் 2011 மக்கள்தொகையைத் தேடிப் பாருங்கள். 7,21,38,958 என்று ஒரு கூட்டம் சொல்லும், 7,21,47,030 என்று இன்னொரு கூட்டம் சொல்லும். முதலாவது 2011-லேயே வந்த தற்காலிக எண்; இரண்டாவது பின்னால் வந்த இறுதி எண். எழுத்தறிவும் அப்படித்தான்: தற்காலிகம் 80.33 விழுக்காடு, இறுதி 80.09. வித்தியாசம் சிறியது என்று நினைக்கலாம். ஆனால் அட்டவணையில் ஒரு நெடுவரிசை தற்காலிகம், இன்னொன்று இறுதி என்று கலந்துவிட்டால் கூட்டுத்தொகை ஒத்துவராது, வாய்மொழித் தேர்வில் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

ஸ்டாட்டிஸ்டா, இந்தியாஸ்டாட் போன்ற தொகுப்புத் தளங்களை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே மூலம் கொடுத்திருப்பார்கள். அந்த மூலத்தைத் திறந்து, அட்டவணையைக் கண்ணால் பார்த்து, மூலத்தையே மேற்கோள் காட்டுங்கள். மூலமே குறிப்பிடாத எண்ணை எவ்வளவு வசதியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

3. சாட்ஜிபிடி அறிக்கை பேரு, பக்க எண்ணோட சொல்லுதே. அதை எடுத்துக்கலாமா?

எந்த அறிக்கையில் தேடலாம் என்று கேட்கப் பயன்படுத்துங்கள், எண் கேட்காதீர்கள். இவ்வகைச் செயலிகள் இல்லாத அட்டவணைக்கும் பக்க எண் கொடுக்கும்; உண்மையான அறிக்கையின் பெயரோடு வேறு ஆண்டின் எண்ணை ஒட்டிவைக்கும். சொன்ன பக்கத்தைத் திறந்து பார்க்கும்வரை அது வெறும் துப்பு.

4. 2011-க்கு அப்புறம் சென்சஸே இல்லை. இவ்வளவு பழைய எண்ணை வெச்சு என்ன எழுதறது?

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்ததற்கு 2027 மார்ச் 1-ஐக் குறிப்புத் தேதியாக வைத்து 2025 ஜூனில் அரசிதழ் அறிவிக்கை வெளியானது. கணக்கெடுப்பு முடிந்தாலும் விரிவான அட்டவணைகள் ஒவ்வொன்றாகத்தான் வரும்.

இடைப்பட்ட ஆண்டுகளுக்கு மக்கள்தொகை தேவைப்பட்டால், தேசிய மக்கள்தொகை ஆணையம் அமைத்த தொழில்நுட்பக் குழுவின் 2011–2036 கணிப்பு அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுவாரியாக, மாநிலவாரியாக, வயதுப் பிரிவோடு இருக்கிறது. மாவட்டத்துக்கும் ஊருக்கும் அதில் கணிப்பு கிடையாது. 2001–2011 வளர்ச்சி வேகத்தை அப்படியே நீட்டி, "2024-ல் எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகை" என்று எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. புறநகர்ப் பகுதியில் அந்தக் கணக்கு பாதிகூடச் சரியாக வராது. 2011 எண்ணை 2011 என்றே சொல்லிக் கொடுப்பது கௌரவமானது.

5. எங்க ஊர் அளவுல விவரம் கிடைக்குமா?

கிடைக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வெளியிடும் மாவட்டக் கையேட்டைத் தேடுங்கள். 2011-க்கு இரண்டு பகுதிகள். ஏ பகுதியில் ஊர்வாரியாகப் பள்ளி, சுகாதார நிலையம், குடிநீர், பேருந்து, வங்கி முதலிய வசதிகள். பி பகுதியில் முதன்மைச் சுருக்க அட்டவணை: ஊர்வாரியாக ஆண், பெண், 0–6 வயதுக் குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி, எழுத்தறிந்தோர், தொழிலாளர் வகை. எக்செல் கோப்பாகவும் கிடைக்கிறது.

மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கணக்கெடுப்பில் "கிராமம்" என்பது வருவாய்க் கிராமம். நீங்கள் களப்பணிக்குப் போவது பெரும்பாலும் ஊராட்சி அல்லது குக்கிராமம். ஒரு ஊராட்சிக்குள் இரண்டு வருவாய்க் கிராமம் இருக்கலாம். ஒரு வருவாய்க் கிராமம் இரண்டு ஊராட்சிகளில் பிரிந்தும் கிடக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருவாய்க் கிராமத்தின் பெயரையும், ஊராட்சிச் செயலரிடம் ஊராட்சியின் குக்கிராமப் பட்டியலையும் வாங்கிப் பொருத்திவிட்டுத் தொடங்குங்கள். ஊர்ப் பெயரை வைத்துப் பொருத்தாமல், கணக்கெடுப்பில் ஒவ்வொரு ஊருக்கும் கொடுத்திருக்கும் குறியீட்டு எண்ணை வைத்துப் பொருத்துங்கள். "புதூர்" எத்தனை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்று: கோப்பை எக்செலில் திறந்ததுமே முன்னால் இருக்கும் பூஜ்யங்களை அது தின்றுவிடும். 2011 குறியீட்டில் தமிழ்நாட்டு வட்டங்கள் 0-வில் தொடங்குபவை. குறியீட்டு நெடுவரிசையை எழுத்து வடிவம் என்று சொல்லி இறக்குமதி செய்யாவிட்டால் பின்னால் எதுவும் பொருந்தாது.

6. எங்க மாவட்டமே 2019-லதான் பிறந்துச்சு. பழைய எண்ணுக்கு எங்கே போக?

2011-ல் 32 மாவட்டங்கள், இப்போது 38. கள்ளக்குறிச்சி விழுப்புரத்திலிருந்தும், தென்காசி திருநெல்வேலியிலிருந்தும், செங்கல்பட்டு காஞ்சிபுரத்திலிருந்தும், ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்தும், மயிலாடுதுறை நாகப்பட்டினத்திலிருந்தும் பிரிந்தன. 2019-21 என்எஃப்எச்எஸ்-5 கூட 2017 மார்ச் எல்லைகளைத்தான் வைத்துக்கொண்டது. அதில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்ட அறிக்கைகளே உண்டு. தென்காசியைத் தேடிக் களைக்க வேண்டாம்.

ஆண்டுகளை ஒப்பிட வேண்டுமென்றால் பத்திரமான வழி, புதிய மாவட்டங்களைத் தாய் மாவட்டத்தோடு மறுபடி சேர்த்துக் கணக்கிடுவது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றையும் கூட்டினால் பழைய வேலூர். எண்ணிக்கையைக் கூட்டலாம், விழுக்காட்டைக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது, தொகுதியையும் (மேல் எண்) பகுதியையும் (கீழ் எண்) தனித்தனியாகக் கூட்டிப் பிறகு வகுக்க வேண்டும்.

புதிய மாவட்டத்துக்கே 2011 எண் வேண்டும் என்றால் வட்டங்களைக் கூட்டிப் பார்க்கலாம். அதிலும் முள் உண்டு. 2011-ல் திருக்கோவிலூர் வட்டத்தில் இருந்த சில கிராமங்கள் பின்னால் கண்டாச்சிபுரம் வட்டத்துக்குப் போய் விழுப்புரத்திலேயே தங்கிவிட்டன. அதனால் கள்ளக்குறிச்சியை வட்டமாகக் கூட்டினால் மிகையாக வரும். கிராமம் கிராமமாகத்தான் கூட்ட வேண்டும்.

7. ரெண்டுமே அரசாங்க அறிக்கைதான். ஆனா எண் வேற வேற. எது சரி?

பெரும்பாலும் இரண்டுமே சரி, வேறு வேறு பொருளை அளக்கின்றன. தமிழ்நாட்டின் சிசு இறப்பு விகிதம் என்எஃப்எச்எஸ்-5-ல் 1,000 பிறப்புக்கு 18.6, மாதிரிப் பதிவு முறை என்னும் எஸ்ஆர்எஸ் 2020-க்குக் கொடுத்தது 13. முதலாவது, தாய்மார்களிடம் கேட்டு, ஆய்வுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு. இரண்டாவது, தேர்ந்தெடுத்த இடங்களில் பிறப்பு இறப்பைத் தொடர்ந்து பதிவு செய்து, ஒரே ஆண்டுக்குச் சொல்வது. விகிதம் குறைந்துகொண்டே வரும் மாநிலத்தில் ஐந்தாண்டுச் சராசரி ஓராண்டு எண்ணைவிட மேலேதான் நிற்கும்.

வேலையின்மையும் இதே கதை. 2023-24 பிஎல்எஃப்எஸ் அறிக்கை ஒன்றிலேயே 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு அகில இந்திய அளவில் 3.2 விழுக்காடும் இருக்கிறது, 4.9 விழுக்காடும் இருக்கிறது. முன்னது "வழக்கமான நிலை": கடந்த 365 நாளில் பெரும்பகுதி என்ன செய்தார், அதோடு துணை வேலையாக 30 நாளாவது செய்தாரா என்று பார்ப்பது. பின்னது "நடப்பு வார நிலை": கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தாரா என்று கேட்பது. எதை எடுத்தாலும் எடுத்ததன் பெயரை எழுதுங்கள். ஒரு ஆண்டுக்கு இதையும் மறு ஆண்டுக்கு அதையும் எடுத்து "வேலையின்மை உயர்ந்தது" என்று எழுதினால் மொத்த இயலும் சரிந்துவிடும்.

8. ஒரே அறிக்கைத் தொடர்ல எண் திடீர்னு விழுந்திருக்கே. நிஜமாவே குறைஞ்சிடுச்சா?

சட்டென்று விழுந்த எண்ணையோ எகிறிய எண்ணையோ பார்த்தால் முதலில் முறை மாறியதா என்று பாருங்கள். தமிழ்நாட்டின் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் 2019-20 ஏஐஎஸ்எச்இ அறிக்கையில் 51.4, 2020-21 அறிக்கையில் 46.9. கொரோனாவால் மாணவர்கள் கல்லூரியை விட்டுவிட்டார்கள் என்று பக்கம் பக்கமாக விளக்கம் எழுதிய ஆய்வேடுகள் உண்டு. நடந்தது வேறு. முந்தைய அறிக்கை, 18–23 வயது மக்கள்தொகையை 2001 கணக்கெடுப்பிலிருந்து கணித்தது, பிந்தையது 2011-லிருந்து. வகுக்கும் எண் பெரிதானதால் விகிதம் சிறுத்தது. இந்தியா முழுமைக்கும் பாருங்கள்: 2019-20-க்கு முதலில் 27.1 என்றார்கள், புதிய அடிப்படையில் அதே ஆண்டு 25.6 ஆனது, 2020-21-ல் 27.3. உண்மையில் உயர்ந்திருக்கிறது.

இப்படி இன்னும் சில. யுடைஸ் 2022-23 முதல் பள்ளி கொடுக்கும் தொகைக்குப் பதில் மாணவர் ஒவ்வொருவராகப் பதிகிறது; அதற்கு முந்தைய சேர்க்கை எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. குடும்பச் செலவு ஆய்வு 2011-12-ல் ஒரே முறை வீட்டுக்குப் போய் 347 பொருள்களைக் கேட்டது. 2022-23-ல் மூன்று முறை போய் 405 பொருள்களைக் கேட்டது. இடையில் 2017-18-ல் நடந்த ஆய்வின் முடிவுகளைத் தரம் போதவில்லை என்று 2019 நவம்பரில் அரசே நிறுத்திவிட்டது. அந்த ஆண்டுக்கு எண் என்று யாராவது காட்டினால் எங்கிருந்து எடுத்தார் என்று கேளுங்கள்.

குற்றப் புள்ளிவிவரத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 2020-ல் ஊரடங்கை மீறியதற்காக இந்தியத் தண்டனைச் சட்டம் 188-ன் கீழ் பதிவான வழக்குகள் நாடு முழுவதும் 29,469-லிருந்து 6,12,179 ஆகின. மொத்தக் குற்ற எண் எகிறியதற்கு அதுவே பெரிய காரணம். மேலும், ஒரே வழக்கில் பல பிரிவுகள் இருந்தால் என்சிஆர்பி மிகக் கடுமையான ஒன்றை மட்டும் எண்ணும். இவை பதிவான வழக்குகளின் எண்ணிக்கை. நடந்த குற்றங்களின் எண்ணிக்கை என்று எழுதிவிடாதீர்கள்.

9. என்எஃப்எச்எஸ் மாவட்ட அறிக்கையில சில எண் அடைப்புக்குறிக்குள்ள இருக்கு, சில இடத்துல வெறும் நட்சத்திரம். அச்சுப் பிழையா?

பிழையல்ல, எச்சரிக்கை. அடைப்புக்குறி என்றால் அந்த எண் 25 முதல் 49 பேரை மட்டும் வைத்து வந்தது. நட்சத்திரம் என்றால் 25 பேருக்கும் குறைவு, அதனால் வெளியிடவில்லை. அடைப்புக்குறியைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் உங்கள் அட்டவணையில் ஏற்றுவது நேர்மைக் குறைவு. அடைப்புக்குறியோடு போட்டு, கீழே குறிப்பு எழுதுங்கள்.

ஆண்கள் பற்றிய எண்ணை மாவட்டவாரியாகத் தேடுபவர்களுக்கு: ஆண்களிடம் கேட்பது ஒரு சிறு பங்கு வீடுகளில் மட்டும், மாநில அளவு மதிப்பீட்டுக்காக. மாவட்டத்துக்கு அது போதாது. பிஎல்எஃப்எஸ்-ம் 2024 வரை மாவட்ட மதிப்பீட்டுக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. 2025 ஜனவரி முதல்தான் மாதிரி எடுப்பில் மாவட்டம் அடிப்படை அலகாகியிருக்கிறது. பழைய சுற்றுகளில் மாவட்டக் குறியீடு இருக்கிறதே என்று வகுத்து எடுத்தால் எண் வரத்தான் செய்யும். பிழை வரம்பைக் கணக்கிட்டுப் பார்த்தால் எண்ணைவிட வரம்பு பெரிதாகக்கூட இருக்கலாம்.

10. யூனிட் லெவல் டேட்டா எப்படி இறக்கறது? திறந்தா வெறும் எண் வரிசையா இருக்கு.

யூனிட் லெவல் டேட்டா என்றால் ஆய்வில் ஒவ்வொரு குடும்பமும் ஆளும் சொன்ன பதில்கள் தனித்தனி வரிசையாக இருக்கும் மூலத் தரவு. புள்ளியியல் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா தளத்தில் பெயர் பதிந்து, ஆய்வின் நோக்கத்தை ஓரிரு வரியில் எழுதினால் இலவசமாக இறக்கலாம். கோப்பை மட்டும் இறக்கிவிட்டு வந்துவிடாதீர்கள். வினாத்தாள், களப்பணியாளர்களுக்கான அறிவுறுத்தல் தொகுதி, தரவு அமைவுக் கோப்பு, ரீட்மீ கோப்பு நான்கும் சேர்ந்தால்தான் பயன். எண் வரிசைதான் தரவு: எத்தனையாவது எழுத்திலிருந்து எத்தனையாவது எழுத்துவரை எந்த விவரம் என்று அமைவுக் கோப்பு சொல்லும். ஸ்டேட்டா, ஆர், எஸ்பிஎஸ்எஸ் எதிலும் அந்த இடங்களைக் கொடுத்துப் படிக்கவைக்கலாம். சில சுற்றுகள் நெஸ்ஸ்டார் வடிவில் வரும். அவற்றை நெஸ்ஸ்டார் எக்ஸ்ப்ளோரரில் திறந்து வேறு வடிவத்துக்கு ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும்.

வினாத்தாளின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி அடுக்காக இருக்கும். குடும்ப அடுக்கையும் ஆள் அடுக்கையும் இணைக்க, முதல்நிலை அலகின் (தேர்ந்தெடுத்த கிராமம் அல்லது நகரப் பகுதி) எண், துணைப்பிரிவு எண், இரண்டாம் நிலை அடுக்கு எண், குடும்ப எண் ஆகியவற்றை ஒட்டி ஒரு அடையாளம் உருவாக்குங்கள். ஆளுக்கு அதோடு வரிசை எண். இணைத்தபின் எண்ணிக்கை பெருகியிருந்தால் அடையாளத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

11. வெயிட் போடணும்கறாங்க. அதை எப்படிப் போடறது, போடாட்டி என்ன?

மாதிரியில் ஒரு குடும்பம் நாட்டில் எத்தனைக் குடும்பத்துக்குப் பதிலாக நிற்கிறது என்பதுதான் எடை. சில வகைக் குடும்பங்களை வேண்டுமென்றே கூடுதலாக எடுத்திருப்பார்கள். எடை போடாவிட்டால் உங்கள் விழுக்காடு அவர்கள் பக்கம் சாயும்.

பல தேசிய மாதிரி ஆய்வுச் சுற்றுகளில் எடை இரண்டு தசம இடத்தைப் புள்ளி வைக்காமல் எழுதியிருக்கும். அதனால்தான் 100-ஆல் வகுப்பது. மாதிரி இரண்டு துணைமாதிரிகளாக இருப்பதால், இரண்டும் கிடைத்த இடத்தில் சராசரிக்காக 200-ஆல் வகுக்க வேண்டும். எந்த வரிசைக்கு எது என்பதை கோப்பில் என்எஸ்எஸ், என்எஸ்சி என்று பெயரிட்ட இரண்டு நெடுவரிசைகள் காட்டும்: சமமாக இருந்தால் 100, இல்லையென்றால் 200. பிஎல்எஃப்எஸ் ஆண்டுத் தரவில் காலாண்டு எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். 2022-23 செலவு ஆய்வில் 100 மட்டுமே. சுற்றுக்குச் சுற்று மாறுவதால் ரீட்மீ கோப்பில் இருப்பதே முடிவு. என்எஃப்எச்எஸ்-ல் பெண்களுக்கான எடை வி005 என்ற நெடுவரிசையில் இருக்கும், அதைப் பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும். குடும்ப வன்முறைக் கேள்விகள் ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்கப்பட்டவை. அவற்றுக்கு டி005 என்று தனி எடை.

12. வெயிட் போட்டும் அறிக்கையில உள்ள எண் வரமாட்டேங்குது.

நல்லது, சோதித்துப் பார்த்திருக்கிறீர்கள். பலர் அதைச் செய்வதே இல்லை. சொந்தக் கணக்குக்குப் போகும் முன் அச்சான அட்டவணை ஒன்றை உங்கள் கோப்பிலிருந்து மறுபடி உருவாக்கிக் காட்டுவதுதான் நுழைவுத் தேர்வு. 2022-23 செலவு ஆய்வில் தமிழ்நாட்டின் மாதாந்திரத் தலைவீதச் செலவு, இலவசமாகக் கிடைத்த பொருள்களுக்கு மதிப்புப் போடாத கணக்கில், ஊரகம் ரூ. 5,310, நகரம் ரூ. 7,630. உங்களுக்கு இது வரவேண்டும்.

வரவில்லை என்றால் முதல் சந்தேகம்: குடும்பங்களின் தலைவீதச் செலவைக் குடும்ப எடையால் மட்டும் சராசரி எடுத்திருப்பீர்கள். அப்படி எடுத்தால் ஓராள் குடும்பமும் ஏழு பேர் குடும்பமும் ஒரே கனம் பெறும். சிறிய குடும்பங்களில் தலைவீதச் செலவு பொதுவாகக் கூடுதல் என்பதால் எண் மேலே போய்விடும். எடையோடு குடும்ப அளவையும் பெருக்க வேண்டும். இரண்டாவது சந்தேகம்: சில பொருள்களுக்கு 7 நாள், சிலவற்றுக்கு 30 நாள், சிலவற்றுக்கு 365 நாள் கணக்குக் கேட்டிருப்பார்கள், எல்லாவற்றையும் 30 நாளுக்கு மாற்றாமல் கூட்டியிருப்பீர்கள்.

13. விவசாய டேட்டா எடுக்கறேன். ஆண்டே குழப்புது.

தமிழ்நாட்டு வருவாய்க் கணக்கு பசலி ஆண்டில் நடக்கிறது: ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. பசலியோடு 590 கூட்டினால் தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். 1434-ஆம் பசலி என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. பட்ஜெட், மாநில வருமானம் எல்லாம் ஏப்ரல்–மார்ச். இரண்டையும் "2024-25" என்றே எழுதுவார்கள். நெல் உற்பத்தியை வேளாண் கடனோடு ஒப்பிடும்போது மூன்று மாதம் நழுவியிருக்கிறது என்பதைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

பரப்பு கிராம அடங்கலிலிருந்து (நிலவாரியான பயிர்ப் பதிவேடு) மேலே ஏறிவருவது. விளைச்சல் பயிர் அறுவடைச் சோதனையிலிருந்து. அந்தச் சோதனையில் தேர்ந்தெடுத்த வயலில் நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் போட்டு, அறுத்து, அடித்து, எடைபோடுகிறார்கள். பருவ மற்றும் பயிர் அறிக்கையில் இரண்டும் கிடைக்கும். குறுவையும் தாளடியும் ஒரே நிலத்தில் போட்டால் மொத்தப் பயிர்ப் பரப்பில் அந்த நிலம் இரு முறை வரும், நிகரப் பரப்பில் ஒரு முறை. உற்பத்தி நெல்லா அரிசியா என்று தலைப்பைப் படியுங்கள். கொள்முதல் நெல் கணக்கிலும், உற்பத்தி அரிசிக் கணக்கிலும் இருப்பது சாதாரணம். அரசுக் கணக்கில் 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசி 67 கிலோ, புழுங்கலரிசி 68 கிலோ.

14. பட்ஜெட்ல ஒரு துறைக்கு மூணு எண் இருக்கு. எதை எடுக்க?

பட்ஜெட் மதிப்பீடு என்பது செலவழிக்க நினைத்தது, திருத்த மதிப்பீடு ஆண்டின் நடுவில் மாற்றிக்கொண்டது, கணக்கு என்பது செலவானது. கணக்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான் வரும். 2025-26 பட்ஜெட் புத்தகத்தில் 2023-24-க்குத்தான் கணக்கு இருக்கும். செலவைப் பற்றிய ஆய்வுக்குக் கணக்கை எடுங்கள். அறிவிப்புக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளியே உங்கள் தலைப்பு என்றால் மூன்றும் வேண்டும். மாநிலங்களை ஒப்பிட ரிசர்வ் வங்கியின் மாநில நிதி அறிக்கை கைகொடுக்கும்.

பத்தாண்டுத் தொடர் என்றால் விலைவாசியைக் கழிக்க வேண்டும். தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டுக்கு 2016-ஐ அடிப்படையாகக் கொண்ட தொடர் 2020 செப்டம்பரில் தொடங்கியது. பழைய 2001 தொடரோடு இணைக்க அகில இந்திய இணைப்புக் காரணி 2.88. புதிய தொடரில் 130 என்றால் பழைய அளவில் 374.4. பெருக்க மறந்தவர்களின் வரைபடத்தில் 2020-ல் விலைவாசி பாதாளத்தில் விழும்.

15. உலக வங்கி தளத்துல இந்தியாவுக்கு எல்லா ஆண்டும் எண் இருக்கே. அது வசதிதானே?

வசதிதான். அந்த வசதி எப்படி வந்தது என்று பாருங்கள். ஆய்வே நடக்காத ஆண்டுக்கும் எண் இருந்தால் அது கணித மாதிரி (மாடல்) வைத்துக் கணித்தது. வேலையின்மைக்கு அங்கே ஐஎல்ஓ (பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு) கணிப்பு ஒரு தொடர், தேசிய மதிப்பீடு இன்னொரு தொடர். நாடுகளை ஒப்பிட முன்னது போதும். இந்தியாவை மட்டும் எழுதுபவர் இந்திய மூலத்துக்கே போவது மேல்.

16. துறை வெளியிட்ட பிடிஎஃப்ல தமிழை நகலெடுத்தா கிறுக்கலா வருது.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அச்சிட்டிருப்பார்கள். அரசு அலுவலகங்களில் வானவில் நெடுங்காலம் இருந்தது. எழுத்துரு மாற்றியில் ஒட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்கேன் செய்த பக்கமாக இருந்தால் எழுத்துணரி மென்பொருள் வேண்டும். அது 3-ஐ 8 ஆக்கும், தசமப் புள்ளியை விழுங்கும். ஒவ்வொரு நெடுவரிசையையும் கூட்டி, அச்சில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிட்டால் தப்பு எந்த வரிசையில் என்று தெரிந்துவிடும்.

17. எங்கேயும் இல்லை. ஆர்டிஐ போடலாமா?

போடலாம். ஆனால் முதலில் அந்த அலுவலகத்துக்கே நேரில் போய், துறைத் தலைவரின் கடிதத்தைக் கொடுத்துக் கேளுங்கள். பாதி விவரம் அப்படியே கிடைக்கும். இல்லையென்றால் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனு. பதிலுக்கு 30 நாள். வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

கைவசம் உள்ள ஆவணத்தைத்தான் அவர்கள் தர வேண்டும். உங்களுக்காகப் புதிதாகத் தொகுத்துத் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாக்கியிருக்கிறது. "கடந்த பத்தாண்டில் இடைநின்ற மாணவிகள் எத்தனை, ஏன்?" என்று கேட்டால் "தொகுக்கப்படவில்லை" என்று பதில் வரும். எந்தப் பதிவேடு, எந்தப் படிவம், எந்த ஆண்டு என்று பெயர் சொல்லி நகல் கேளுங்கள். "ஏன்" என்ற சொல்லே மனுவில் வேண்டாம்.

18. மேற்கோள் எப்படி எழுதணும்? தள முகவரி போட்டா போதாதா?

போதாது. வெளியிட்ட அலுவலகம், அறிக்கையின் பெயர், ஆண்டு, அட்டவணை எண், பக்கம், இறக்கிய தேதி ஆகியவை வேண்டும். தற்காலிகமா இறுதியா என்பதையும் எழுதுங்கள் (கேள்வி 2). யூனிட் லெவல் தரவு என்றால் சுற்று, பயன்படுத்திய எடை, விட்டுவிட்ட வரிசைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை முறையியல் இயலில் சொல்லுங்கள்.

முகவரிகள் செத்துப்போகும். 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, என்எஃப்எச்எஸ் யூனிட் லெவல் தரவை வழங்கிவந்த டிஎச்எஸ் (மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகள்) திட்டமும் தடைப்பட்டது. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். இறக்கிய கோப்பைத் திருத்தாமல் ஒரு நகல், நீங்கள் வேலை செய்யும் நகல் ஒன்று என இரண்டாக வைத்து, முதல் நகலை வேறொரு வட்டில் போடுங்கள். கோப்பின் பெயரிலேயே இறக்கிய தேதியைச் சேர்த்துவிடுங்கள்.